கொழுத்த பன்றிகளின் நீண்ட ஆயுள்

நெருப்புக்குப் பிறகு மனித குலம் கண்ட மகத்தான சாதனை, பன்றிக்கு வளர்ச்சி ஊசி போட்டதுதான். பன்றி வளர்ப்பு ஆய்வு நிலையத்தின் இயக்குநர் இதை வாரக் கூட்டம்தோறும் சொல்வார். தீவன ஆய்வாளரும் வாரந்தோறும் தலையாட்டுவார். அந்த அம்மாளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

வலது கொட்டில் பன்றிகளுக்கு ஹார்மோன் ஊசியும் புரதத் தீவனமும். இடது கொட்டிலுக்கு ஊசி கிடையாது. வெறும் தவிடும் சோளமும். வலது கொட்டில் பன்றிகள் ஊதிப் பெருத்த வேகத்தில் கதவை இடித்து அகலப்படுத்த வேண்டியிருந்தது. இயக்குநர் ரிப்பன் வெட்டிக் கதவைத் திறந்து வைத்தார்.

பிறகு 'சுவை மதிப்பீட்டுக் கூட்டம்' கூடியது. வலது கொட்டில் கறியை வாயில் போட்ட இயக்குநர், வரவேற்புரை முடிந்து நன்றியுரை வரும்வரை மென்றார். நிலையத்தின் கணக்கர் மாத்திரையைப் போலத் தண்ணீர் விட்டு விழுங்கினார்.

"எப்படி சார் இருக்கு?" என்றார் ஆய்வாளர்.

"உறுதி. நம்ம நிலையத்தோட உறுதி அப்படியே கறியில தெரியுது."

இடது கொட்டில் கறி வந்தது. மதிப்பெண் போடப் பேனாவை நீட்டிய ஆய்வாளர் காலித் தட்டைத்தான் பார்த்தார்.

"ஒரு தடவை சாப்பிட்டுட்டு முடிவு சொன்னா அது விஞ்ஞானம் இல்லைம்மா," என்றார் இயக்குநர். "மறுபடி மறுபடி செஞ்சு பார்க்கணும்."

செய்து பார்த்தார்கள். முதல் 'மறு ஆய்வு' இயக்குநர் மகளின் பிறந்தநாளில் நடந்தது. அடுத்தது கணக்கரின் மாமியார் வீட்டில். இடது கொட்டில் காலியாகிக்கொண்டே வந்தது. ஆய்வாளர் வீட்டில் அழாத குறையாகச் சொன்னபோது, கணவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "நீ ஒரு துண்டு எடுத்துட்டு வந்திருக்கலாம்," என்றார்.

கடைசிப் பன்றி, ஆய்வாளரைக் கண்டால் அவர் முழங்காலில் முதுகைத் தேய்க்கும். அதைப் பிடிக்க இயக்குநரே வந்தார். ஆய்வாளர் வாசலை மறித்து நின்றார்.

"இதுவும் போனா ஒப்பிட எதுவும் மிஞ்சாது சார்."

"மேலிடத்துலேர்ந்து பார்வையிட வர்றாங்கம்மா. அவங்களுக்கு ஊசிக் கறியையா போடறது?"

"ஊருக்கு மட்டும் போடலாமா?"

"ஊர்ல எல்லாருக்கும் பல் நல்லாத்தான் இருக்கு. வழிய விடுங்க."

பார்வையிட வந்தவர்கள் வயிறாரப் பார்வையிட்டுப் போனார்கள்.

இறுதி அறிக்கையை இயக்குநரே எழுதினார்: 'ஊசி போடாத பன்றிகளில் ஒன்றுகூட உயிர் பிழைக்கவில்லை. ஊசி போட்டவை பெரும்பாலும் நலம். எனவே ஊசி ஆயுளைக் கூட்டுகிறது.' 'இறப்புக்குக் காரணம்' என்ற இடத்தை மட்டும் ஆய்வாளருக்கு விட்டிருந்தார்.

ஆய்வாளர் பேனாவை எடுத்தார். நிரந்தர வேலை கண்முன் வந்தது. முழங்காலில் தேய்ந்த முதுகும் வந்தது. 'ருசி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார். அவர் முகம் கவலையில் சுருங்கியது.

"பொல்லாத நோய்ம்மா இது," என்றார். "வலது கொட்டிலுக்குப் பரவாம பார்த்துக்குங்க."