செங்கல் சாரும் என் முழங்காலும்

எங்கள் ஆபீஸ் தெருவில் நான் பார்த்த படித்தவர்களில் முழுப் பைத்தியம் என்று ஒருத்தரைத்தான் சொல்லுவேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. செங்கல் சார் என்று கேட்டால் பூக்காரியிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

தோளில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் மூன்று செங்கல். மற்ற இன்ஜினியர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிற தெருவில் இவர் மட்டும் சூளையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். தெருவை நடக்கிறவர்களுக்கு வசதியாக மாற்றுகிறோம் என்று ஒரு கம்பெனி வேலை எடுத்திருந்தது. நடைபாதையை வரைவதற்கு அந்தக் கம்பெனி அனுப்பிய ஆள் இவர்.

நான் அந்தத் தெருவில் ஓர் ஏழு மாடிக் கட்டடத்தில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். சிங்காநல்லூரில் பஸ் ஏறி வந்தால், இறங்குகிற இடத்திலிருந்து கட்டடத்துக்கு நாலு கேட் தூரம். அந்த நாலு கேட்டைத் தாண்டுவதற்குள் உயிர் போய் வரும். ஒரு பக்கம் சாக்கடை மூடி ஆடும், இன்னொரு பக்கம் கார் உரசும். அங்கே ஆபீஸ் கட்டினவர்கள், வேலைக்கு வருகிற எல்லோரும் காரிலேயே பிறந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்கள். எனக்கோ முழங்கால் தேய்ந்துபோனது. நாலு கேட் தாண்டினால்தான் வேலை. தாண்ட முடியாமல் போனால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

ஒரு நாள் காலையில் செங்கல் சார் என்னை மறித்தார். தரையில் ஒரு செங்கல் படுத்திருந்தது.

"ஏனுங்கம்மா, இது மேல கொஞ்சம் ஏறிக் காட்டறீங்களா?"

முன்பின் தெரியாத ஆம்பிளையோடு பேசி எனக்குப் பழக்கமில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன்தான் சிரித்துக்கொண்டே சொன்னார், "ஏறுங்கக்கா, ஒண்ணும் ஆகாது. காலைல என்னையும் ஏத்தி எறக்கிப்போட்டாருங்க."

ஒரு செங்கல், ஏறினேன். அதன் மேல் இன்னொன்று வைத்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மூன்றாவதை வைத்ததும் பாதியிலேயே "சாமீ" என்று உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! நோட்டில் எழுதிக்கொண்டார்.

"ரெண்டுக்கே செவுத்தப் புடிக்கறீங்க. அப்ப தெருவுக்கே ஒண்ணரைக் கல்லு ஒசரந்தானுங்க."

"அக்கா காலுக்கும் தெருவுக்கும் என்னங்க சார் சம்பந்தம்?" என்றார் வாட்ச்மேன்.

"இந்தத் தெருவுல ரொம்ப வலிக்கற காலு இவங்களுதுங்க. அதுக்குத் தகுந்தாப்பலதானுங்க தெருவு இருக்கோணும்."

என் கல்யாணத்துக்குக்கூட என்னை அளவெடுத்து யாரும் ரவிக்கை தைத்ததில்லை. இந்த மனிதர் ஒரு தெருவையே என் காலுக்கு அளவெடுத்துத் தைக்கக் கிளம்பிவிட்டார்.

அவர் கூத்துக்கு அளவே இல்லை. நடைபாதை எங்கே திரும்ப வேண்டும் என்று அடையாளத்துக்காக பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு செங்கல்லை நிறுத்தி வைத்துவிட்டு இரண்டு நாள் லீவில் போனார். திரும்பி வந்து பார்த்தால் செங்கல்லுக்கு மஞ்சள், குங்குமம், செவ்வந்தி மாலை, காலடியில் எலுமிச்சம்பழம். எடுக்கக் குனிந்தவரை ஆட்டோக்காரர் ஓடிவந்து தடுத்தார்.

"என்ற செங்கல்லுங்க அது."

"உங்களுதாத்தான் இருந்துச்சுங்க. இப்ப அம்மனுங்க. செருப்பைக் கழட்டிப்போட்டுப் பேசுங்க சார்."

செங்கல் சார் செருப்பைக் கழற்றினார். தலையைச் சொறிந்தார். பிறகு நோட்டை எடுத்து, அம்மனைச் சுற்றி நடைபாதை வளைந்து போகிற மாதிரி படத்தை மாற்றி வரைந்தார். அந்த வளைவில் ஏதோ வெளிநாட்டு ஐடியா இருப்பதாக ஆபீஸ்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

நிறுத்தியிருக்கிற காரோடும் பேசுவார். உள்ளே ஆள் இருக்காது, காரோடுதான் பேச்சு. "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நின்னுக்கறீங்களா? அளக்கோணுங்க." கார் நகராது. "செரிங்க, அப்பறமா வாரேனுங்க" என்று அடுத்த காருக்குப் போய்விடுவார்.

ஒரு வழியாக வேலை முடிந்தது. ஒன்றரைச் செங்கல் உயரத்தில் நடைபாதை, வேப்பமர நிழலில் இரண்டு பெஞ்சு. முதல் நாள் நான் எதையும் பிடிக்காமல் ஏறினேன். பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளை மாதிரி சார் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வலிக்குதுங்களா?"

"இல்லீங்க."

அவரிடம் நான் வாய் திறந்து பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

ஒரு மாதம் தாங்கவில்லை. வலிக்கிற கால் ஏறுகிற உயரத்தில் காரும் சுளுவாக ஏறும் என்பதைப் பெரிய மனிதர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் பைக் ஏறியது, பின்னாலேயே கார். பெஞ்சில் ஹெல்மெட்டுகள் உட்கார்ந்தன. வெளிநாட்டில் தெருவெல்லாம் எத்தனை அழகு என்று லிஃப்டில் பேசிக்கொண்டு போகிறவர்களின் வண்டிகள்தான் அத்தனையும். நான் மறுபடியும் ரோட்டில் இறங்கி நடந்தேன்.

சார் ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் போய் நின்று கெஞ்சினார். ஒரு நாள் காலையில் எங்கள் கட்டடத்து ஐந்தாவது மாடி முதலாளியின் கார் ஏறியது. நான் வாசற்படி துடைத்துக்கொண்டிருந்தேன். சார் காருக்கு முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்க, இது நடக்கற எடமுங்க."

"தள்ளுய்யா, பெரிய இவரு!" என்று கத்திவிட்டு முதலாளி கோபத்தில் காரைச் சர்ரென்று பின்னால் எடுத்தார். விளக்குக் கம்பத்தில் மோதி, காரின் பின்விளக்கு நொறுங்கியது. இறங்கி வந்தவர் சாரைக் கை காட்டி, "செங்கல்லால அடிச்சு ஒடச்சுப்போட்டான்!" என்றார். தோளில் பை, பைக்குள் செங்கல். அதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்?

வரவேற்பு அறையில் விசாரித்தார்கள். சாருடைய கம்பெனியிலிருந்தும் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். எங்கள் மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீதான வாசல்ல இருந்தே? என்ன பாத்தே?"

முதலாளி என்னையே பார்த்தார். மாப் கட்டையைப் பிடித்தபடி நின்றேன். செங்கல் சார் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

"அந்தம்மா குனிஞ்சு தொடச்சுட்டு இருந்தாங்க. அவிய ஒண்ணும் பாக்குலீங்க. விட்டுருங்க."

பொய். நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. வேலையை விட்டு எடுத்துவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார். லேப்டாப்போடு வேறொருவர் வந்தார். கார் ஏறக் கூடாது என்று நடைபாதையை மூன்று செங்கல் உயரத்துக்குத் தூக்கினார். கார்க்காரர்கள் சண்டை போட்டதும் ஒவ்வொரு கேட்டுக்கும் சரிவு வைத்துக் கொடுத்தார். அந்தச் சரிவு வழியாகக் கார்கள் இன்றைக்கும் ஜம்மென்று ஏறி, சரிவையும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஏற முடியாமல் போனவள் நான் ஒருத்திதான். அடுத்த தை மாதத்தோடு வேலையை விட்டேன்.

இதைப் போடுகிற பத்திரிகை அவர் கைக்குப் போகுமா, தெரியாது. அன்றைக்கு வாயில் வராததை எழுதியாவது வைக்கிறேன். நான் பார்த்தேனுங்க, சார். அந்தப் பின்விளக்கு உடைந்தபோது உங்கள் இரண்டு கையும் அந்தக் காரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தன.