யாரோட புருஷன்யா நீ?

கூச்சப்படுகிறவன் நல்ல காரியம் செய்யத் தனியாகப் போகக் கூடாது. போனால் திருடனைப் போலத் தெரிவான். நான் அதைவிட மோசமாகத் தெரிந்தேன்.

தாராவியில் எனக்குச் சின்ன மளிகைக்கடை. புருஷன் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு வெளியேறிய பெண்களுக்குச் செம்பூரில் ஓர் இல்லம் உண்டு. என் மனைவி பேச்சி அங்கே அரிசி, பருப்பு அனுப்புவாள். அங்கிருக்கும் முத்துலட்சுமி மறுநாள் வேலைக்குச் சேர்கிறாள், உடுத்த நல்ல சேலை இல்லை என்று தகவல் வந்தது. பேச்சிக்குக் காய்ச்சல். நான் கிளம்பினேன்.

"சேலைய வெறுமனே குடுக்கக் கூடாது. கிங்ஸ் சர்க்கிள்ல பூ வாங்கிக்கிடுங்க" என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு மகள் உண்டென்பதால் நானாகவே அல்வாவும் வாங்கினேன். (என் மூளை அபூர்வமாகத்தான் வேலை செய்யும். செய்தால் இப்படி.)

அந்த இல்லம் உள்ளே எப்படி இருக்கும் என்று அறிய எனக்கு வெகுநாள் ஆசை. மணியடிக்கக் கூச்சப்பட்டு, கேட்டின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது.

காவலுக்கு இருந்த அக்கா கதவைத் திறந்து, என் கையிலிருந்த சேலையையும் பூவையும் அல்வாவையும் பார்த்தார்.

"அரே, அடிக்கிறதையும் அடிச்சுட்டுப் பூவோட வந்துட்டாரு பாரு. யாரோட புருஷன்யா நீ?"

"முத்துலட்சுமி..." என்றேன். மீதியைச் சொல்வதற்குப் பதில் சேலையை நீட்டினேன்.

முத்துலட்சுமியின் கணவன், வந்து இழுத்துக்கொண்டு போவேன் என்று மிரட்டியிருந்தானாம். (இது பிறகு தெரிந்தது.) ஜன்னல்களில் பெண்கள் கூடினார்கள்.

"பாக்கப் பூனை மாதிரி இருக்கான்."

"வெளிய பூனைதான். வீட்டுக்குள்ள பாக்கணும்."

படிக்கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் நடுங்கிக்கொண்டு வந்தது. "அவன்னா நான் வேலைக்கே போகலக்கா. பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவான்."

என் அவமானம்கூட எனக்கு மறந்துபோனது.

மகள்தான் முதலில் எட்டிப் பார்த்தாள். "அம்மா, இது அப்பா இல்ல. இந்த ஆளு அழுவுறாரு."

பிறகு முத்துலட்சுமி மெல்லத் தலையை நீட்டினாள். "இவரு இல்லக்கா. அவனுக்குப் பூ வாங்கல்லாம் தெரியாது."

பேச்சியின் புருஷன் என்று அப்போதுதான் சொன்னேன். ஆனாலும் அக்கா விடவில்லை. பேச்சிக்குப் போன் போட்டார். "இவரு உங்க வீட்டுக்காரர்தானா?"

"என்ன செஞ்சாருன்னு மொதல்ல சொல்லுங்க. பொறவு ஒத்துக்கிடுதேன்" என்றாள் என் தர்மபத்தினி.

மறுநாள் முத்துலட்சுமி அந்தச் சேலையோடு வேலைக்குப் போனாள். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து பேச்சியிடம், "எனக்கு உசுரே போச்சு மதினி" என்று ஆரம்பித்துவிடுவாள். அவள் சொல்லும் கதையில் முதலில் என் கண் கலங்கியிருந்தது. இப்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறேன்.

உண்மையில் நான் அழவேயில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் என் அழுகை பெரிதாகப் பெரிதாக, அவள் பயந்த இடம் சின்னதாகிக்கொண்டே வருகிறது. அதனால் மறுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.