எண்பது குதிரை வித்தியாசம்

வியாழக்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு டுவேன் பிலார்ஸ்கியின் நீலக் கார் வீட்டு வாசல் சரிவில் மாட்டிக்கொண்டு நின்றது. முன்சக்கரங்கள் தெருவுக்கு இறங்கிவிட்டன, பின்சக்கரங்கள் இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை, வயிறு சிமெண்டில் படுத்துவிட்டது. முன்னால் போனாலும் கிறீச், பின்னால் வந்தாலும் கிறீச்.

அவர் மனைவி டெனிஸ் காபிக் கோப்பையோடு படியில் வந்து நின்றாள்.

"எத்தனை அங்குலம் இறக்கின?"

"ரெண்டு."

"நம்ம வாசல் எவ்வளவு சரிவுன்னு அளந்து பாத்தியா?"

"வண்டி தாழ்ந்து நின்னா அடியில காத்து புகாது. காத்து புகலைன்னா வேகம் கூடும்."

"சரிதான். இப்ப காத்தும் போகல, வண்டியும் போகல."

டுவேன் பலகைத் துண்டு தேடப் போனார். ஐம்பத்தொன்பது வயதுக்காரர். வயன்டாட் ஊரின் தண்ணீர் இலாகாவில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறவர். நாய்களிடம்கூட மரியாதையாகப் பேசுவார் என்று பெயர் எடுத்தவர். சொந்த அண்ணனிடம் மட்டும் நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. அந்த அண்ணன் இருப்பது மூன்றே தெரு தள்ளி.

எல்லாம் காரால் வந்தது.

ஸ்டாம்பீட் என்ற அந்த வண்டி மூன்று விதமாக வரும். 'எஸ்' என்பது ஆறு சிலிண்டர், உறுமலோடு சரி. 'எஸ்டி' எட்டு சிலிண்டர். 'எஸ்டிஎக்ஸ்' அதே எட்டு, ஆனால் பெரிய எட்டு. வெளியிலிருந்து பார்த்தால் டிக்கியில் ஒரு எழுத்து கூடுதல், அவ்வளவுதான். ஆனால் டெட்ராய்ட்டுக்குத் தெற்கே ஆற்றோரம் பிறந்து வளர்ந்த ஆண்களுக்கு இந்த மூன்றும் மூன்று தனித்தனிப் பிறவிகள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஈஸ்டர் விருந்துக்கு டுவேன் புதிய எஸ்டியில் போய் இறங்கினார். அண்ணன் லியோன் முன்மூடியைத் திறந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். மெதுவாக மூடினார்.

"நல்ல வண்டிடா. சர்ச்சுக்குப் போய்ட்டு வர்றதுக்கு இது போதும்."

ஐந்து வாரம் கழித்து லியோன் வீட்டு வாசலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு எஸ்டிஎக்ஸ் நின்றது.

டுவேன் மூன்று தெருவும் நடந்தே போனார். அக்கம்பக்கத்தார் புல் வெட்டிக்கொண்டிருந்த சனிக்கிழமை. "சின்ன வயசுலேர்ந்து இதே கதைதான். எனக்கு சைக்கிள்னா உனக்கு கியர் வச்ச சைக்கிள். எனக்குப் பித்தப்பைல ரெண்டு கல்லுன்னா உனக்கு மூணு" என்றார். புல் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். லியோனும்தான் சிரித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அப்பா சாகறப்ப என் பேரத்தான கூப்பிட்டாரு, உன்னை இல்லையே. அந்த வயித்தெரிச்சல்தானே உனக்கு."

லியோன் கையிலிருந்த துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சத்தமே வராமல் சாத்தினார். ஓங்கி அடித்திருந்தால் தேவலை என்று டுவேன் பிறகு எத்தனையோ தடவை நினைத்ததுண்டு.

அந்த ஒரு வாக்கியம் போன திசையில் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட முடியாதா என்று இருக்கும் அவருக்கு. போன குளிர்காலத்தில் லியோனுக்கு இதயத்தில் அடைப்பு வந்தபோது ஆஸ்பத்திரி வரைக்கும் போனார். கார் நிறுத்துமிடத்தில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்துவிட்டார். டெனிஸ் கேட்டபோது, பிரேக்கில் ஏதோ சத்தம், அதைப் பார்க்கப் போனேன் என்றார்.

இப்போது லியோன் வீடு விற்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை லாரி வருகிறது. மகள் இருக்கிற டென்னஸிக்கே போய்விடுகிறார்கள்.

ஆண்கள்தான் பேசிக்கொள்வதில்லையே தவிர, டெனிஸும் லியோனின் மனைவி லொரெய்னும் தினமும் போனில் பேசுகிறவர்கள். "இந்த ரெண்டு எருமையும் மனுஷன் சொன்னா கேக்காது டெனிஸ். மெஷின் சொன்னா கேக்கும்" என்று ஆறு வாரத்துக்கு முன்னால் யோசனை கொடுத்தது லொரெய்ன்தான்.

மெஷின் என்றால் டைனோ. வண்டியை உருளைகள் மேல் ஏற்றிக் கட்டிப்போட்டு, நின்ற இடத்திலேயே முழு மூச்சில் ஓடவிட்டு, சக்கரத்துக்கு எத்தனை குதிரைச் சக்தி வந்து சேர்கிறது என்று காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்கும். டெய்லர் என்கிற பக்கத்து ஊரில் ஹனான் என்ற பெண் நடத்துகிற பட்டறையில் சனிக்கிழமை டைனோ நாள். ஆளுக்கு மூன்று ஓட்டம், கடைசி ஓட்டத்தின் எண்தான் கணக்கு. எவர் எண் குறைவோ, அவர் அன்று சாயங்காலம் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி முதல் வார்த்தை பேச வேண்டும். இரண்டு பேரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பக்கத்து ஆண்கள் எந்த மன்னிப்பையும் நம்ப மாட்டார்கள், டைனோக் காகிதத்தை நம்புவார்கள்.

டுவேனின் கவலை ஒன்றே ஒன்று. எஸ்டி முந்நூற்று முப்பது காட்டும். எஸ்டிஎக்ஸ் நானூற்றுப் பத்து. எண்பது குதிரை வித்தியாசம். அண்ணன் வந்து கதவைத் தட்டினால் தோளைக் கட்டிக்கொண்டு அழக்கூட அவர் தயார். ஆனால் அவரே போய்த் தட்டி, அந்த வாக்கியத்துக்கு அப்புறம் எந்த வார்த்தையை முதல் வார்த்தையாகச் சொல்வது? ஆறு வாரமாகத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. அதைவிட எண்பது குதிரை தேடுவது சுலபமாகத் தோன்றியது.

முதலில் எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று ஊட்டுகிற பெரிய குழாய் வாங்கி மாட்டினார். அது எஞ்சின் சூட்டையே உறிஞ்சி, மஞ்சள் எச்சரிக்கை விளக்கை எரியவிட்டது. விளக்கை அணைக்க, ஃப்ளோரிடாவில் முகம் தெரியாத ஒருவன் ஈமெயிலில் அனுப்பிய புரோகிராமை வண்டியின் கணினிக்குள் ஏற்றினார். விளக்கு அணைந்தது, கூடவே ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சினும் அணைந்தது. புகை அடைப்பதால்தான் அப்படி என்று முடிவுகட்டிப் புகைக்குழாயை மாற்றினார். அது போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் குழந்தை பகல் தூக்கத்தை விட்டுவிட்டது. இவ்வளவுக்கும் பிறகுதான் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தியது.

பலகை வைத்து ஒருவழியாக இறக்கி, அன்று மத்தியானம் உதிரிபாகக் கடைக்குப் போனார். கல்லாவில் இருந்த கஸ் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

"டேய், பின்சீட்டு எங்கடா?"

"கழட்டிட்டேன். ஸ்டெப்னி, ஜாக்கி, தரை விரிப்பு, எல்லாம் கழட்டியாச்சு. தொண்ணூறு கிலோ குறைஞ்சிருக்கு."

"எதுக்கு?"

"சனிக்கிழமை டைனோக்குடா."

கஸ் கல்லாவை விட்டு எழுந்து வந்தான். "டுவேன், டைனோல வண்டி எங்க போகுது?"

"எங்கயும் போகாது. நின்ன எடத்துலயே ஓடும்."

"எங்கயும் போகாத வண்டிக்கு எடை குறைஞ்சா என்ன, கூடினா என்ன? அடியில காத்து புகுந்தா என்ன, புகாட்டி என்ன?"

டுவேன் நாற்பது வருஷமாகக் காரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிற மனிதர். பாவம், அவசரத்தில் இருக்கிறவனுக்குத் தெரிந்ததும் மறந்துபோகும்.

"சீட்டத் திரும்ப மாட்டுடா. டெனிஸ் எங்க உக்காருவா?" என்றான் கஸ்.

"டெனிஸ் முன்னாடிதான் உக்காருவா."

"இனிமே உன் பக்கத்துல உக்கார மாட்டா."

சனிக்கிழமை ஹனானின் பட்டறையில் இருபது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். மேஜையில் டோனட் பெட்டிகள். கஸ் வேடிக்கை பார்க்கக் கடையை மூடிவிட்டே வந்திருந்தான். ஆரஞ்சு வண்டி அந்தக் கோடியில், நீல வண்டி இந்தக் கோடியில். லியோன் இளைத்திருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. டுவேன் ஒரு தடவைதான் பார்த்தார், அப்புறம் டோனட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ஓட்டம் டுவேனுடையது. வண்டி உறுமியது, கூரைத் தகரம் அதிர்ந்தது, சத்தத்துக்குக் குறைவில்லை. காகிதம் வெளியே வந்தது.

"இருநூத்தித் தொண்ணூத்தேழு" என்றாள் ஹனான்.

"கம்பெனிலேர்ந்து வர்றப்ப முந்நூத்தி முப்பது இருந்துச்சே."

"அப்ப முப்பத்தி மூணு குதிரை வழியில எறங்கிடுச்சு பெரியவரே."

அடுத்தது லியோன். நானூற்றுப் பத்து வரவேண்டிய இடத்தில் முந்நூற்று ஐம்பத்திரண்டு வந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு.

"உங்க வண்டி தும்முதே லியோன். தெறந்து பாக்கட்டுமா?"

"வேணாம்மா. வெயிலுக்கு அப்படித்தான்" என்று லியோன் தானே முன்மூடியைத் திறந்து உள்ளே குனிந்தார். யாரையும் கிட்டே விடவில்லை.

டுவேன் கணக்குப் போட்டார். வித்தியாசம் எண்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்கு வந்துவிட்டதே. அந்தப் பெரிய குழாயைப் பிடுங்கிவிட்டுப் பழைய காற்றுப் பெட்டியை மாட்டப் போனார்.

"வேணாம்டா. ஃப்ளோரிடாக்காரன் அந்தக் குழாய்க்குன்னு எழுதின புரோகிராம் அது" என்றான் கஸ்.

மாட்டிவிட்டார். இருநூற்று அறுபத்தெட்டு.

லியோன் வண்டி முந்நூற்று ஒன்பது. அவர் மறுபடி முன்மூடிக்குள் குனிந்தார்.

டுவேன் பேட்டரியைக் கழற்றி, கணினியின் ஞாபகத்தை மொத்தமாக அழித்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தார். ஒன்றும் ஞாபகமில்லாத கணினி, புது மாப்பிள்ளை போலப் பயந்து பயந்து பெட்ரோல் விட்டது. மூன்றாவது ஓட்டம், கடைசி.

ஹனான் காகிதத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இருநூத்தி ஐம்பத்தி நாலு."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆறு சிலிண்டர் 'எஸ்' வண்டியே இருநூற்று அறுபது காட்டும். ஆறு வாரம் பாடுபட்டு டுவேன் தன் வண்டியை ஒரு படி கீழே இறக்கியிருந்தார்.

டுவேன் பின்சீட்டு இல்லாத காரின் ஓரத்தில் சாய்ந்து நின்றார். தோற்றாகிவிட்டது. சாயங்காலம் போய்த் தட்ட வேண்டும். கட்டி வைத்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அண்ணன் வந்து கதவைத் திறப்பார். என்ன சொல்வது? நாலு வருஷத்து வார்த்தையில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

அப்போது ஆரஞ்சு வண்டி கடைசி ஓட்டத்துக்கு உருளையை நோக்கி ஊர்ந்து வந்தது. ஊர்ந்தது என்பதுகூட அதிகம். விந்தி விந்தி வந்தது. முன்மூடி குலுங்கியது, கண்ணாடி நடுங்கியது. டுவேனின் காது தானாக எண்ணியது. எட்டில் ஐந்துதான் அடிக்கிறது. மூன்று சிலிண்டர் செத்துக் கிடக்கிறது.

இதையா டென்னஸி வரைக்கும் ஓட்டப்போகிறார்? வழியில் கென்டக்கி மலைச் சாலை. பக்கத்தில் லொரெய்ன். அடைப்பு வந்த நெஞ்சோடு, மேட்டில் நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கிற அண்ணனை அவர் கண் முன்னால் பார்த்துவிட்டார். எண்பது குதிரை, ஈஸ்டர், சர்ச்சு எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை.

"ஹனான், நில்லு. அவரு ஓட்ட வேணாம்னு சொல்லு. முழு மூச்சுல விட்டா எஞ்சின் போயிடும். எனக்கு எண்ணு வேணாம், நான் தோத்துட்டேன்னே எழுதிக்க. நாளைக்குப் பயணம் வேணாம்னு சொல்லு. மூணு சிலிண்டர் அடிக்கல, நான் பாத்துத் தர்றேன்னு சொல்லு." டுவேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அன்னிக்கு அப்பா பத்திச் சொன்னது... அது தப்புன்னும் சொல்லிடு."

"நீங்களே போய்ச் சொல்லுங்களேன் பெரியவரே. இருபது அடிதான இருக்கு."

"எனக்குக் கால் வரலம்மா."

ஹனான் போய் ஆரஞ்சு வண்டியின் ஜன்னலில் குனிந்தாள். நெடுநேரம் குனிந்தபடியே இருந்தாள். உள்ளே லியோன் நெற்றியை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டது இங்கிருந்தே தெரிந்தது. அவள் நிமிர்ந்து, கையை மேல்சட்டையில் துடைத்துக்கொண்டு, இருபது அடியையும் மெதுவாக நடந்து திரும்பி வந்தாள்.

"சொல்லிட்டேன் பெரியவரே. வண்டிக்கு ஒண்ணும் இல்லையாம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு சிலிண்டர் ஒயரா அவரேதான் கழட்டி விட்டுட்டிருக்காராம். இன்னும் ஒண்ணு கழட்டினா வண்டி நின்னே போயிடும், இன்னிக்குச் சாயங்காலம் உங்க வீட்டுக் கதவ அவரு வந்து தட்டணும்னா இருநூத்தி ஐம்பத்தி நாலுக்கும் கீழ எப்படிப் போறதுன்னு உங்களையே கேட்டுட்டு வரச் சொன்னாரு."