‘இதோ’ ஆசாமியின் மூன்றாவது அப்பாயின்ட்மென்ட்

‘இதோ’ ஆசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம். எப்போது வருவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், “இதோ” என்பார்கள். அது ஐந்து நிமிடமும் ஆகலாம், ஐந்து மாதமும் ஆகலாம்.

நம் ஆசாமி எலக்ட்ரீஷியன். வயது நாற்பத்து நான்கு. எந்த வீட்டு மிக்ஸியும் அவர் கை பட்டால் ஓடும். அவர் வீட்டுக் குளியலறையில் மட்டும் இரண்டு வருடமாக மெழுகுவர்த்தி. அங்கே சுவிட்சைக் கழற்றியவர், திருப்புளியைத் தேடி அலமாரியைத் திறந்து, உள்ளே கிடந்த பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு, அதற்கு ஒயர் வாங்கக் கடைக்குப் போய், கடைக்காரரின் எரியாத டியூப்லைட்டைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, ஒயர் வாங்காமல் வீடு திரும்பினார். சோம்பேறி என்கிறீர்களா? காலையிலிருந்து மனிதர் உட்காரவே இல்லையே.

அவருடைய அப்பாவும் சோம்பேறி என்றுதான் சொன்னார், வாத்தியாரும் சொன்னார், மாமனார் மரியாதை கருதிப் பெருமூச்சோடு நிறுத்திக்கொண்டார். நாற்பது வருடம் கேட்டுக் கேட்டு அவரும் நம்பிவிட்டார். போன வருடம் ஒன்பது வயது மகளை அவரே “சோம்பேறி” என்று திட்டியபோது மனைவிக்குப் பொறுக்கவில்லை. மூவருமாக டாக்டரிடம் போனார்கள். மகளுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைபாடு என்றார் டாக்டர். இது சோம்பல் இல்லை, கவனம் சொன்ன பேச்சைக் கேட்காது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கலாம் என்று அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மனைவி மகளை விட்டுவிட்டுக் கணவரைப் பார்க்கத் தொடங்கினார்.

“அடுத்தது நீங்கதான்,” என்றார் வெளியே வந்ததும்.

“இதோ,” என்றார் இவர்.

பெரியவர்களுக்கான பரிசோதனைக்கு முதல் தடவை சரியான தேதியில், சரியான நேரத்தில், ஒரு மாதம் முன்னதாகப் போய் நின்றார். இரண்டாவது தடவை கேள்வித்தாளை முடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ‘தொடங்கிய வேலையைப் பாதியில் விடுவீர்களா?’ என்ற கேள்வி வரை நிரப்பியிருந்தார். மூன்றாவதும் தவறினால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். மகளோ, “உங்களுக்கும் இருந்தா நான் தனியா இல்லல்லப்பா?” என்று கேட்டிருந்தாள். அது நெஞ்சில் தைத்துக்கொண்டே இருந்தது.

அன்று மனைவி அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காத்திருக்கும் அறையில் உட்காரவைத்துவிட்டு, பதிவு செய்யப் போனார். மேலே மின்விசிறி ‘டக் டக்’ என்றது. போதாதா? நர்ஸ் மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை. பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தபோது டாக்டரே வெளியே வந்தார். விசிறியை நிறுத்தி, நாற்காலி மேல் ஏறி, வாயில் இரண்டு திருகாணியைக் கவ்விக்கொண்டு நின்றவரை அண்ணாந்து பார்த்தார்.

“நீங்கதானே பத்தரை மணி?”

இரண்டு மணி நேரம் விசாரித்தார், மனைவியையும் கேட்டார், பழைய மதிப்பெண் அட்டைகளில் வாத்தியார்கள் எழுதிவைத்ததையும் படித்தார். சந்தேகமில்லை, ஏடிஎச்டிதான் என்றார்.

“அப்ப நான் சோம்பேறி இல்லையா, டாக்டர்?”

“இல்லை. எப்பவுமே இருந்ததில்ல.”

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். கவனம் சிதறியதால் அல்ல, நன்றாகக் காதில் விழுந்ததால். வீட்டுக்கு வந்து, வழியில் எதையும் பிரிக்காமல் நேராக மகளிடம் போய், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார்.

சரி, சிரித்தது போதும். இதைப் படிக்க உட்காரும் முன், நீங்கள் இந்த அறைக்கு எதையோ எடுக்கத்தானே வந்தீர்கள்?