பதினொரு பக்கத் தைரியம்

"கண்ணாடித் தரைப் படகுன்னா, தரை முழுக்கவே கண்ணாடியா?" என்று கேட்டார் கிளெய்ம் ஆபீசர்.

கப்பலின் சுற்றுலாக் கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்தாள். "ஆமா சார். காலுக்குக் கீழேயே மீன் போகும். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"உடைஞ்சா?"

"இதுவரைக்கும் உடைஞ்சதில்ல சார்." பிறகு அவளாகவே குரலைத் தாழ்த்தி, "ஓரத்துல ஒரு சின்னக் கீறல் மட்டும் இருக்கு," என்றாள்.

அவர், காலையில் ஆசையாகப் பதிவு செய்த சீட்டைப் பாம்பைத் தள்ளுவது போல அவள் பக்கம் தள்ளினார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இருபத்திரண்டு வருடமாக விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களைப் படிப்பதுதான் பிழைப்பு. சோபாவிலிருந்து எழுந்தபோதே கால் முறிந்தவர், தும்மியதில் கழுத்து பிசகியவர் என்று எல்லாரையும் கோப்பு எண்ணோடு தெரியும். மாடிப்படியைப் பார்த்தாலே யாராவது உருண்டு வருகிறார்களா என்று ஒதுங்கி நிற்பார்.

ஆனால் இந்தத் தடவை ஒதுங்க முடியாது. போன இரண்டு விடுமுறையும் ஓட்டல் அறையிலேயே கழிந்தன. எட்டு வயது மகள் பள்ளியில், 'விடுமுறையில் நான் கண்டது' என்ற கட்டுரையில், 'நாங்கள் மூன்று நாள் லிஃப்டைப் பார்த்தோம்' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த நாளிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. பெற்ற பிள்ளைக்குக் காட்ட ஒரு லிஃப்ட்தானா கிடைத்தது?

நாளைக் காலை கப்பல் ஒரு தீவில் நிற்கும். மாலை ஆறு மணிக்குள் ஏதாவது ஒன்றில் பெயர் கொடுத்தாக வேண்டும்.

அறைக்குப் போய்ப் படகு வேண்டாம் என்றதும் மனைவி நீளமாகப் பெருமூச்சு விட்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும். விடுங்க, உங்களால முடியாதுன்னா ரூம்லயே இருந்துக்கலாம். பாப்பா, அப்பாவுக்குப் பயம்டா. என்ன பண்றது, நமக்கு வாய்ச்சது அப்படி."

மகள் வட்டச் சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். அந்த முதுகைப் பார்க்க முடியாமல் அவர் மறுபடியும் கவுன்ட்டருக்கு ஓடினார்.

"தண்ணியே வேண்டாம். தரையில ஏதாவது?"

"பட்டாம்பூச்சித் தோட்டம் இருக்கு சார். சும்மா நடந்து பார்க்கறதுதான்."

"ஒப்புதல் படிவம் காட்டுங்க."

"தோட்டத்துக்கு எதுக்கு சார் படிவம்? அதெல்லாம் கிடையாது."

அவர் முகம் வெளிறியது. படிவமே இல்லையென்றால், என்ன நடக்கும் என்று ஒரு ஆள்கூட உட்கார்ந்து யோசிக்கவில்லை என்றுதானே அர்த்தம்!

"பூ இருக்கறதால தேனீயும் இருக்கும்," என்று அவள் உபரியாக ஒரு தகவல் தந்தாள். "கூட்டமா வரும். ஆனா எப்பவாவதுதான்."

தோட்டமும் போயிற்று. அடுத்து ஆமைக் கடற்கரை. அதற்கு ஒரே ஒரு பக்கப் படிவம். அதிலும் பாதிப் பக்கத்துக்கு ஆமைப் படம்.

"ஆமை ஒண்ணும் பண்ணாது சார். கூட வர்ற ஜெல்லிமீன்தான் லேசா சுடும்."

"லேசான்னா?"

"கத்துவாங்க. அவ்வளவுதான்."

மணி ஐந்தே முக்கால். அறைக்குப் போனால் பெருமூச்சு, இங்கே நின்றால் ஜெல்லிமீன். "வேற?" என்றார் ஈன சுரத்தில்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் சார். உங்களுக்குச் சரிவராது. கம்பிச் சறுக்கு. மலை உச்சியிலேர்ந்து பள்ளத்துக்கு மேல தொங்கிக்கிட்டே அந்தப் பக்கம் போகணும். ஏழு வயசுக்கு மேல யார் வேணா போகலாம்."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பழக்க தோஷம், வாய் மட்டும் கேட்டுவிட்டது: "படிவம்?"

பதினொரு பக்கம் வந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஒவ்வொருவருக்கும் இரண்டு கொக்கி. தினமும் காலையில் மணல் மூட்டையை அனுப்பிச் சோதனை. காற்று கூடினால் நிறுத்தம். படிக்கப் படிக்க அவர் கண் கலங்கியது. இத்தனை வருடத்தில் தன்னைப் போலவே பயந்த ஒரு ஜீவனை இப்போதுதான் சந்திக்கிறார்.

"எழுதினவன் மகராசன்!" என்றார்.

கவுன்ட்டர் பெண்ணுக்குச் சிரிப்பு மறைந்தது. "சார், இருநூறு அடி பள்ளம் சார்."

"நாலாம் பக்கத்துல போட்டிருக்கே."

"போன வாரம் ஒருத்தர் நடுவுல மாட்டிக்கிட்டு அரைமணி நேரம் தொங்கினார்!"

"ஆறாம் பக்கம். அதுக்குத்தான் இழுக்கறதுக்குத் தனிக் கயிறு."

"மயக்கம் போட்டுட்டா?"

"ஒன்பதாம் பக்கம். பேனா குடும்மா."

தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கையெழுத்து கோணிய கோணலில், அந்தப் படிவம் அவர் ஆபீசுக்கே வந்திருந்தால் போலி என்று அவரே திருப்பி அனுப்பியிருப்பார். ஆனாலும் லிஃப்டை நினைத்துக்கொண்டு மூன்று பேருக்கும் போட்டு முடித்தார். மணி ஆறு அடித்தது.

அப்போதுதான் மனைவியும் மகளும் அவரைத் தேடிக்கொண்டு வந்தார்கள்.

"என்ன, எதுவும் சரிப்படலதானே?" என்றாள் மனைவி.

அவர் சீட்டைக் காட்டினார். மகள் வாசித்துவிட்டு 'ஹோ'வென்று கத்தி, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். "அப்பா! நிஜமாவா அப்பா? கம்பியிலயா?"

"நிஜமாதான்டா செல்லம்," என்றார். குரல் உடைந்தது. பயத்திலா பாசத்திலா என்று அவருக்கே தெரியவில்லை.

மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. புருஷனின் வீரத்தைப் பார்த்து அசந்துபோய்விட்டாள் என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். அவளோ கவுன்ட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ரத்து... ரத்து பண்ண முடியாதா?" என்றாள்.

"ஆறு மணிக்கு மேல முடியாது மேடம்," என்று கவுன்ட்டர் பெண் கையைப் பிசைந்தாள். "நேத்து நீங்க சொல்லிக் குடுத்த கீறல், தேனீ, ஜெல்லிமீன்னு ஒண்ணு விடாம சொல்லிப் பயமுறுத்திட்டேன், சார் கேக்கல. உண்மையில பயம் உங்களுக்குத்தான்னு இனிமே நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க!"