ஊர் கேளாமல் ஏற்றிய பதின்மூன்று பேர்

வெள்ளைக்காரர்களில் யார் எந்த நாடு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் லண்டனுக்கு வந்த காலத்திலிருந்து, என்னை இந்தியாக்காரி என்று சொன்ன ஒருவரையும் நான் சும்மா விட்டதில்லை. பல் வைத்தியர், தபால்காரர், மூலைக் கடைக்காரர் எல்லாருக்கும் பாடம் எடுத்திருக்கிறேன். கடை மேசையில் விரலால் இலங்கையைக் கீறி, "இது மன்னார், நான் இங்கே" என்று குத்திக் காட்டியிருக்கிறேன். (பின்னால் வரிசையில் நின்றவர்கள் பால் போத்தலோடு காத்திருந்தார்கள்.)

அப்படிப்பட்ட நான் செய்த வேலையைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. நாங்கள் தெற்கு லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் இருந்தோம். என் மனுசன் இவருக்குப் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை. எனக்கு எங்கள் பங்குச் சுவாமியார் ஒரு பகுதிநேர வேலை பிடித்துக் கொடுத்தார். எங்கள் கத்தோலிக்கக் கோவிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் அயர்லாந்துக்காரருக்கான ஓர் உதவி நிலையம் நடந்தது. அங்கே தட்டச்சு செய்வதும் தேநீர் ஊற்றுவதும் என் பொறுப்பு.

நிலையத்தை நடத்தியவர் நோரா. முன்பு நேர்ஸாக இருந்தவர், கலியாணம் கட்டாதவர், நடக்கிற வேகத்தில் மேசையில் இருக்கும் காகிதம் பறக்கும். வாலிபத்தில் கப்பலேறி வந்து, இந்த நகரத்தின் ரோட்டையும் சுரங்கத்தையும் தோண்டிவிட்டு, வயது போனபின் ஒற்றை அறையில் தனியாகக் கிடந்த மனிதர்கள் அவரிடம் வருவார்கள். பலருக்குக் கூலியைக் கையில் கொடுத்திருந்தார்கள். பதிவு ஒன்றும் இல்லை. அவர்களுக்குப் பென்சனும் பெனிபிட் என்கிற உதவிப்பணமும் எடுத்துக் கொடுக்க, நோரா கவுன்சிலோடு மல்லுக்கட்டுவார்.

நோராவின் சம்பளத்தைக் கொடுத்தது அயர்லாந்து அரசாங்கம். வெளிநாட்டில் இருக்கும் தங்கள் ஆட்களைக் கவனிக்கும் அமைப்புகளுக்கு அவர்கள் பணம் ஒதுக்கினார்கள். நாட்டை விட்டுப் போனவர்களை ஓர் அரசாங்கம் தேடிவந்து கவனிக்குமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. (எங்கள் அரசாங்கமும் எங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டுதான் இருந்தது. அது வேறு காரணத்துக்கு.)

அந்த உதவியின் தவணை முடியப் போகிற நேரம். புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று பார்க்க டப்ளினிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. நோரா மதியச் சாப்பாடு ஒன்றை ஏற்பாடு செய்தார். பக்கத்துப் பங்குக் கோவிலிலிருந்து பதினொரு வயோதிபரை மினி பஸ்ஸில் கூட்டிவருவது, அவர்களில் டான் என்பவர் எழுந்து நாலு வார்த்தை பேசுவது என்று திட்டம்.

அன்று காலை பஸ் ஓட்டுநர் படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார்.

"ஜெசிந்தா, உன்னட்டை லைசென்ஸ் இருக்கெல்லே?" என்று நோரா கேட்டார். (நோரா பேசியது ஆங்கிலம்தான். என் நினைவில் அவர் மன்னார்த் தமிழில் பேசுகிறார், நான் என்ன செய்ய?)

இருந்தது. நாலாவது தரம் சோதனைக்குத் தோற்றி எடுத்த லைசென்ஸ். எடுத்துப் பத்தொன்பது நாள். அதுவரை எங்கள் சின்னக் காரில் சந்தி வரைக்கும் போய் வந்திருந்தேன், பக்கத்தில் இவர் வாய்க்குள் செபமாலை சொல்லிக்கொண்டிருக்க. உள்ளதைச் சொல்லியிருக்கலாம். நானோ, "ஓம், அதிலை என்ன பிரச்சினை?" என்று சாவியை வாங்கினேன்.

"சந்தி தாண்டினால் வாற ரோட்டிலை இடது பக்கம் கோவில் இருக்கு. பதினொன்றே காலுக்கு வாசலிலை நிப்பினம். ஆராவது எங்கட பாஷையிலை ஒரு பாட்டுப் பாடினால் வாறவருக்குச் சந்தோஷமாயிருக்கும், கேட்டுப்பார்."

அந்த மினி பஸ் எனக்குக் கப்பல். நிறுத்தி வைத்த கார்களின் கண்ணாடிகளைத் தட்டாமல் அந்த ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்ததே மாதா செய்த புதுமை. இடது பக்கம் ஒரு கோவில் வந்தது. பெரிய கதவு, வளைந்த யன்னல், வாசலில் நல்ல கோட்டும் தொப்பியுமாக வயது போனவர்கள். மாதா சுரூபம் இல்லை, சிலுவையும் கண்ணில் படவில்லை. பிறந்ததிலிருந்து கத்தோலிக்கச்சி, இது எங்கள் சபைக் கோவில் இல்லை என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் பிரேக் எது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்து, "சாப்பாட்டுக்கோ?" என்றேன்.

"ஓம் பிள்ளை, சாப்பாட்டுக்குத்தான்," என்றார் முன்னால் நின்ற பருத்த மனிதர். "பஸ் நேரத்துக்கே வந்திட்டுது, பாருங்கோ!"

எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று பேர். நோரா பதினொன்று என்றல்லவா சொன்னார்? கூட்டம் கூடினால் டப்ளின்காரருக்கு இன்னும் நல்லதுதானே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பாட்டைப் பற்றிக் கேட்கவே தேவைப்படவில்லை. பஸ் திரும்பியதும் அவர்களாகவே பாடத் தொடங்கினார்கள். அப்படி ஒரு பாட்டு! ஆண்கள் கீழே, பெண்கள் மேலே, நாலு குரலில் பஸ்ஸின் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆகவே அது ஐரிஷ் மொழி என்று முடிவு செய்தேன். "அங்கை வாற பெரியவருக்கு முன்னாலையும் இதையே பாடுங்கோ," என்று கத்தினேன். அவர்களுக்கு மெத்தச் சந்தோஷம். சற்றுத் தூரத்தில் இன்னொரு கோவில் வாசலில் நின்ற சிலர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். நல்ல சனங்கள் என்று நினைத்து, அன்றைக்கு முதல் தடவையாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நானும் அசைத்தேன்.

மண்டப வாசலில் நோராவும் அதிகாரியும் நின்றார்கள். சாம்பல் நிற சூட், மெல்லிய மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு குறிப்புப் புத்தகம். நான் கலியாண வீட்டில் பன்னீர் தெளிக்கிறவளைப்போலக் கதவருகே நின்று எல்லாரையும் இறக்கினேன். அதிகாரி முதலில் இறங்கிய பருத்த மனிதரின் கையைப் பிடித்துத் தன் மொழியில் ஏதோ சொன்னார். அவர் சும்மா சிரித்தார்.

"ஐயா எந்த ஊர்?"

"சுவான்சி."

அதிகாரி அடுத்த அம்மாவைப் பார்த்தார். "நான் கார்டிஃப்," என்றார் அவர். மூன்றாவது ஆள் உதவி செய்கிற எண்ணத்தில், "நாங்கள் எல்லாரும் வேல்ஸ்தான். இது குரொய்டன்தானே? இஞ்சத்தைச் சபையிலை எங்களுக்குச் சாப்பாடு," என்றார்.

நோரா என் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஜெசிந்தா, இவை ஆர்?"

"வயசு போன ஆக்கள்," என்றேன். அதைவிட எனக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை.

"அப்ப எங்கட ஆக்கள் எங்கை?" என்று அதிகாரி கேட்டார். அந்த நேரம் பார்த்து மழை தொடங்கியது. நோராவின் முகம் வெளிறிப் போனது. டானுக்கு எழுபத்தெட்டு வயது. இருந்த ஒரேயொரு சூட்டை மூன்று நாளாகத் தேய்த்துத் தேய்த்து மாட்டி வைத்திருந்தாராம். நோராவின் வேலையையும், அந்த மனிதர்களுக்கு இருந்த ஒரே ஆளையும் பத்தொன்பது நாள் லைசென்ஸோடு நான் கவிழ்த்துவிட்டேன் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"நான் போய் ஏத்திக்கொண்டு வாறன்," என்றேன்.

"நானும் வாறன்," என்று அதிகாரி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

சிக்னலில் மூன்று தரம் எஞ்சின் நின்றது. அவர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தால் எனக்குப் பதற்றம் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ, மெல்லக் கேட்டார்: "நீங்கள் இந்தியாவிலை எந்தப் பக்கம்?"

ஆயுள் முழுக்க அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பிரசங்கம் தயாராக இருந்தது. அன்றைக்கு அதைத் திறக்க எனக்கு என்ன உரிமை இருந்தது?

"தெற்குப் பக்கம்," என்றேன். (மன்னாரிலிருந்து அது அவ்வளவு தூரமும் இல்லை.)

சரியான கோவில் அதே ரோட்டில்தான் இருந்தது, நூறு யார் தூரம் தள்ளி, ஆளுயர மாதா சுரூபத்தோடு. வாசல் மண்டபத்தில் பதினொரு பேரும் நெருங்கி நின்றார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியிருந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. முன்னால் நின்ற டானின் காலில் சப்பாத்து மழையில் ஊறியிருந்தது.

அதிகாரி இறங்கிப் போய்க் கேட்டார்: "இவ்வளவு நேரமும் ஏன் நிண்டனீங்கள்? போயிருக்கலாமே."

"பஸ் வரும் எண்டு நோரா சொன்னவ."

"வராமல் விட்டிருந்தால்?"

டானுக்கு அந்தக் கேள்வி பிடிபடவில்லை. காது மந்தமான ஆளுக்குச் சொல்வதுபோல, சற்று உரத்து, மறுபடியும் சொன்னார்: "நோரா சொன்னவ."

அதிகாரி புத்தகத்தைத் திறந்து, மழையில் நனைய நனைய ஏதோ எழுதினார்.

பஸ்ஸில் ஏறும்போது டான் என்னை உற்றுப் பார்த்தார். "முதலும் ஒருக்கா எங்களைத் தாண்டிப் போனது நீங்கள்தானே? நிப்பாட்டச் சொல்லிக் கையைக் காட்டினம். நீங்களும் காட்டினீங்கள்."

மண்டபத்தில் நோரா வேல்ஸ்காரரை உட்கார்த்தி, குரொய்டனுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டிருந்தார். பதினைந்து பேருக்குச் சமைத்த இறைச்சியை இருபத்தேழு பேர் பங்கிட்டோம். டான் பேசவேண்டிய நாலு வார்த்தையைப் பேசவில்லை. ஏற்கனவே பேசிவிட்டார் என்று அதிகாரி சொன்னார். பிறகு இரண்டு நாட்டுக்காரரும் போட்டிக்குப் பாடி, நாலு மணிக்குத்தான் ஓய்ந்தார்கள்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. நோராவின் சம்பளம் நீடிக்கப்பட்டிருந்தது. கீழே புதிதாக இன்னொரு வரி: மினி பஸ்ஸில் ஏறுபவர்களின் பெயரைச் சரிபார்க்க ஒரு துணையாளுக்கும் பணம் ஒதுக்கப்படுகிறது. நோரா அந்த வரியை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

என்னைக் கேலி செய்ய இவருக்கு அது போதுமாயிருந்தது. விமான நிலையத்துக்கு யாரையாவது கூட்டிவரப் போனாலும், "இஞ்சேர், ஊரைக் கேட்டிட்டு ஏத்து" என்பார். மகளின் கலியாணத்தன்று வெம்பிளியிலிருந்து ஆட்களைக் கொண்டுபோக ஒரு பஸ் பிடித்திருந்தோம். இவர் பட்டு வேட்டியோடு கதவடியில் நின்று, என்னைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு, ஏறுகிற ஒவ்வொருவரிடமும் "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா கால் வைத்த படியிலிருந்து இறங்கிவிட்டார்.

"ஊரைக் கேட்டு என்ன அறியப் போறியள்? சாதியோ? லண்டனுக்கு வந்தும் இந்தப் புத்தி போகேல்லையோ?"

பஸ் அரை மணித்தியாலம் நின்றது. பட்டுச் சேலையோடு நான் நடைபாதையில் நின்று, டப்ளின்காரர் முதல் டானின் சப்பாத்து வரை முழுக் கதையையும் அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பொக்கற்றில் குத்திய பூ விழுந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, கோவில் போய்ச் சேருமுன் பஸ் முழுவதற்கும் சொல்லி முடித்தார்.

அன்றிலிருந்து சம்பந்தி வீட்டில் நான் 'வேல்ஸ் மாமி'. ஜெசிந்தா என்றால் யாருக்கும் தெரியாது. இவருக்கு அதில் அப்படி ஒரு ஆனந்தம், ஒவ்வொரு விருந்திலும் தானே கதையைத் தொடக்கிவைப்பார். போன மாதம் சம்பந்தி பக்கத்துப் பெடியன் ஒருவனின் கலியாணக் கார்ட் வந்தது. இவர்தான் கதவடியில் வாங்கினார். வாங்கியவர் அப்படியே நின்றார். எட்டிப் பார்த்தேன். உறையின் மேல் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது:

'திரு. திருமதி வேல்ஸ்.'