குதிரையின் நாலாவது கால்

முகூர்த்தச் சேலையைத் தறியிலிருந்து அறுக்கும்வரை இந்த வீட்டில் யாருக்கும் சினிமா கிடையாது என்று கோதண்டபாணி சட்டம் போட்டார். மனைவி ரேணுகாம்பாள் "சரிங்க" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சொன்னபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாளே, ஜரிகை வாங்கப் பெரிய காஞ்சிபுரம் போவதாகச் சொல்லிவிட்டு மாட்னிக்குப் போனார். தெரிந்த முகமெல்லாம் உள்ளே போகட்டும் என்று முறுக்குக் கடை மறைவில் நின்றதில் நேரமாகிவிட்டது. அவர் கதவைத் திறந்தபோது திரையில் இரண்டு கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. காமிரா மேலே ஏறியது. மீசையோடு கதாநாயகன்! கொட்டகை அதிர்ந்தது.

கடைசிக் காட்சியில் அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்து, ஒரு பெண் வைத்திருந்த மூன்று கால் மரக்குதிரையில் பொருத்தினான். பொருந்திவிட்டது! ஆண்கள் பக்கம் விசில். பெண்கள் பக்கம் விம்மல். கோதண்டபாணிக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் கால் எப்படி ஒடிந்தது? யாரைக் கேட்பது? கேட்டால் மாட்டிக்கொள்வாரே!

அடுத்த நாள் தறியில் உட்கார்ந்தும் நினைப்பெல்லாம் குதிரை மேலேயே. சேலையோடு கரையைக் கோர்த்து நெய்கிற கோர்வைக்கு இரண்டு ஆள் வேண்டும். பக்கத்தில் ரேணுகாம்பாள் கரைக்கு ஊடை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குதிரைப் படம் இருக்குதே, அடுத்த வீட்டு செல்லியம்மா கதை சொன்னா. கேக்கறீங்களா?"

"வேலையைப் பாருமே" என்றவரின் கை நின்றுவிட்டது. "சரி, சொல்லு."

"திருவிழாவுல அண்ணனும் தங்கச்சியும் ஒரு குதிரைக்கு அடிச்சிக்கினு இழுக்கறாங்க. காலு ஒடிஞ்சி அண்ணன் கையோட வந்துடுது. திரும்பிப் பார்த்தா கூட்டத்துல தங்கச்சியக் காணோம். பையன் அழுதுக்கினே ஓடறான்..."

"அட, அதானா!"

"அவ்ளோதாங்க. செல்லியம்மா அத்தோட எழுந்து வந்துட்டாளாம்."

"அடிப்பாவி! ஓடிக்கினே பெரியாளாயிடறான்மே! மீசை! போலீசு உத்தியோகம்! கடைசியில அந்தக் காலை எடுத்து இப்படி வெச்சான் பாரு, டக்குனு..."

பொருத்திக் காட்ட அவர் தூக்கிய நாடா அந்தரத்தில் நின்றது.

"ஜரிகைக் கடையில படம்கூட காட்டறாங்களா?" என்றாள் ரேணுகாம்பாள்.

கோதண்டபாணி தொண்டையைச் செருமினார். "அது கெடக்கட்டும். செல்லியம்மா ஏன் பாதியில எழுந்து வந்தா?"

"அவ எங்க போனா? நான்தான் போனேன். நீங்க கதவைத் தொறந்தீங்க, வெளிச்சத்துல மூஞ்சி தெரிஞ்சிது. நான் பொம்பளைங்க வாசல் வழியா வந்துட்டேன்."

சட்டம் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"ஆளுக்குப் பாதி பார்த்தா கதையில கோர்வை எப்படி வரும்? இன்னிக்கு மாட்னிக்கு சேர்ந்து போலாம். இந்த வாட்டியாவது பையனுக்கு மீசை மொளைக்கறதுக்கு முன்னாடி வந்து சேருங்க!"